பிஜ்லியின் காதுகள்

ஸ்னேஹாவின் மணிக்கட்டு முறிந்து நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அத்தனை நேரமும் இளவேனில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள்.

கேட்டவர்களிடமெல்லாம், "குதிரை திடீர்னு உதைச்சிடுச்சு" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். விலங்கியல் படித்துவிட்டுப் பத்து மாதம் வாணியம்பாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு இதுதான் முதல் வேலை. ஹென்னூர் தாண்டி ஒரு குதிரையேற்றப் பள்ளி. கோடை முகாமுக்கு வருகிற பிள்ளைகளுக்கு, குதிரைமேல் ஏறுவதற்கு முன்னால் குதிரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு. காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வால் எப்படி அசைகிறது, எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கவேண்டும். காதைப் பின்னால் மடக்கினால் கிட்டே போகக்கூடாது. இதுதான் முதல் நாள் பாடம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளியை நடத்தும் ஸ்ரீகண்டன் ஏழு பிள்ளைகளையும் மணல் திடலில் வரிசையாக நிற்கவைத்தார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரே கேள்வி, குதிரையை நம்பலாமா என்று. தவறு குழந்தையுடையதுதான் என்று ஒரு வீடியோ போட்டுவிட்டால் எல்லார் வாயும் அடங்கிவிடும் என்பது அவர் நினைப்பு. உதைபட்ட ஸ்னேஹாவும் மாவுக்கட்டோடு அந்த வரிசையில் நின்றாள்.

எத்திராஜ் பிஜ்லியைப் பிடித்துக்கொண்டு வந்தார். லாயத்தைக் கூட்டித் தண்ணீர் காட்டுகிறவர் அவர்தான். பிஜ்லி பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செம்பழுப்புப் பெண்குதிரை. முதுகில் சேணம் இருந்தது. அதை வயிற்றோடு பிடித்துவைக்கும் பட்டை இன்னும் இறுக்கப்படாமல் தொங்கியது.

"ஏம்மா, மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்கு? உன்னையா உதைச்சுது?" என்று இளவேனிலிடம் கேட்டார் எத்திராஜ். "நக்கோம்மா, வேணாம்மா, கவலைப்படாத. போன மாசம் சேணத்தைக் கண்டாலே காதை மடக்கிப் பல்லைக் காட்டும். எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். இப்போ பாரு, கோயில் மாடு மாதிரி நிக்குது."

இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்ரீகண்டன் போனை ஸ்னேஹாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "சொல்லும்மா. சனிக்கிழமை என்ன தப்புப் பண்ணே?"

"தப்பே பண்ணல சார். காதைப் பார்த்தேன். முன்னாடிதான் இருந்துச்சு. அப்புறம்தான் பட்டையை இறுக்கினேன்."

"முன்னாடி இருந்தா அது ஏன் உதைக்குது?"

"இன்ஸ்டா பார்த்திருப்பா சார்" என்றது பின்னால் ஒரு குரல். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏய், சும்னிரு" என்று ஸ்ரீகண்டன் கன்னடத்தில் அதட்டினார். அதட்டலில் சூடு இல்லை.

ஸ்னேஹா இளவேனில் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? நீங்க சொல்லுங்க மிஸ். நான் பொய் சொல்றேன்னு அப்பாகூட நெனைக்கிறாரு."

இளவேனில் பிஜ்லியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்... வாலைப் பார்த்துட்டு இருந்தேன்."

ஸ்னேஹா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

"ஆய்த்து, போதும். தீபிகா, நீ வா. ரூல்ஸ் பிரகாரம் செஞ்சு காட்டு" என்றார் ஸ்ரீகண்டன்.

தீபிகாவுக்குப் பதின்மூன்று வயது. எதையும் சரியாகச் செய்துவிடுகிற பெண். போனைப் பார்த்து, "காது முன்னாடி இருக்கு. சேஃப்" என்று சத்தமாகச் சொன்னாள். இடப்பக்கமாகப் போய்க் குனிந்து பட்டையைப் பிடித்தாள்.

காதுகள் ஆணி அடித்தாற்போல் முன்னால் நின்றன. இளவேனில் காதைப் பார்க்கவில்லை. பிஜ்லியின் கண்ணுக்கு மேலே ஒரு சுருக்கம் விழுந்தது. உதடுகள் இறுகின. பட்டை படும் இடத்தில் தோல் துடித்தது. இடது பின்னங்கால் மெல்ல மெல்லப் பாரம் விட்டு, குளம்பின் நுனி மட்டும் மணலில் பட்டுக்கொண்டிருந்தது. தீபிகாவின் தலை வயிற்றுக்கு நேரே இருந்தது. பட்டை ஒரு துளை ஏறியது. அடுத்த துளைக்கு அவள் மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

"விடு! தீபிகா, பட்டையை விடு! தோள் பக்கமா வா!"

தன் குரலா அது என்று இளவேனிலுக்கே தெரியவில்லை. தீபிகா பட்டையை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தாள். அவள் குனிந்திருந்த இடத்தைக் குளம்பு வீசிக் கடந்தது. மணல் சிதறி எத்திராஜின் வேட்டியில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பிஜ்லியின் காதுகள் அப்போதும் முன்னால்தான் இருந்தன.

ஸ்ரீகண்டன் போனைத் தாழ்த்தினார். "நானும் பார்த்துட்டேதானே இருந்தேன். காதை மடக்கவே இல்லையே. இதுக்கு என்ன பைத்தியமா?"

"இன்னொரு பழம் சுத்தணும்" என்று எத்திராஜ் முனகினார்.

இளவேனில் பிஜ்லியின் அருகே போய்ப் பட்டையை அவிழ்த்துச் சேணத்தைக் கீழே இறக்கினாள். வரிசையின் கடைசியில் நின்ற ஸ்னேஹாவைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஸ்னேஹா சரியாத்தான் பார்த்தா சார். வாலைப் பார்த்தேன்னு நான் சொன்னது பொய். நானும் காதைத்தான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"பட்டை படுற எடத்துல இதுக்கு வலி. அதனாலதான் போன மாசம் காதை மடக்கிச்சு. வலி என்னன்னு நான் பாக்கல. முகாம் விளம்பர வீடியோவுல இதோட மூஞ்சி நல்லா வரணும்னு நீங்க சொன்னீங்க. எத்திராஜண்ணன் சாப்பிடப் போற நேரத்துல, பதினோரு நாள்... பட்டையை இறுக்குறப்போ காதை முன்னாடியே வெச்சிருந்தா கேரட் குடுத்தேன். வலிச்சாலும் காதை மடக்காம இப்படி நிக்கப் பழக்கினது நான்தான் சார்."