நறுவிலித்தீவுக்கு வந்த படகு

றைஸாவின் தம்பி மனைவி ஸும்ராவுக்கு எட்டாம் மாதம். இரத்த அழுத்தம் கூடியிருந்ததால் செவ்வாய்தோறும் கட்டாயம் கிளினிக்குக்கு வரவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நறுவிலித்தீவுக் கர்ப்பிணிகள் களப்பு எனும் கடலேரியைக் கடந்து கிளினிக்குக்குப் போவதற்கென்றே அரசாங்கம் ஒரு படகு கொடுத்திருந்தது. பிரதேச சபையின் பொறுப்பிலிருந்த அந்தப் படகு, உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதிலிருந்து தீவுப்பக்கம் வரவேயில்லை. கேட்டால் எஞ்சின் பழுது என்றார்கள்.

போன வாரம் ஸும்ரா மீன் வள்ளத்தில் போய், முழுக்க நனைந்து திரும்பிப் படுத்துவிட்டாள். அன்றிரவு றைஸாவின் கணவர் ஜபார் ஒரு விஷயம் சொன்னார். சபையின் அந்தப் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு டொல்பின் பார்க்கக் கடலுக்குப் போவதை அவர் கண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் காலையில் ஜபார் வள்ளத்தை மெதுவாக ஓட்ட, றைஸா ஸும்ராவையும் மற்றக் கர்ப்பிணிகளையும் கூட்டிக்கொண்டு அக்கரை இறங்குதுறைக்குப் போனாள். படகு அங்கே நின்றது. அதன் பக்கவாட்டில் வர்ணச் சீலைத்துணியொன்று கட்டியிருந்தது. படகோட்டி அலியார் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் சரியாகிட்டா அலியார் நானா?" என்றாள் றைஸா.

அவர் நிமிரவில்லை. "என்னட்டக் கேக்காத தங்கச்சி. மேல சொல்றதத்தான் நான் செய்றன்."

பெண்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

கண்டக்குழி விடுதியிலிருந்து வான் வந்தது. இறங்கிய பயணிகள் படகில் கர்ப்பிணிகளைக் கண்டு தயங்கினார்கள். என்ன விஷயம் என்று ஒரு பெண் சிங்களத்தில் கேட்டாள். றைஸா சீலையைச் சுருட்டி, அது மறைத்திருந்த எழுத்தைக் காட்டினாள். 'கர்ப்பிணித் தாய்மார் சேவைக்கு மட்டும்' என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. வாசித்த பெண் போட்டிருந்த உயிர்காப்பு அங்கியைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள்.

சபைச் செயலாளர் விரைந்து வந்தார். "இப்பிடி வந்து குந்த ஏலாது. முறைப்பாடு இருந்தா எழுதித் தாங்க."

"எழுதித் தந்து எவ்வளவு நாள் சேர். படகு எங்கட பேருல வந்தது. எரியிற டீசலும் எங்கட பேருலதான். அது எங்க போகுது எண்டு சொல்லுங்க, இறங்குறம்," என்றாள் றைஸா.

பயணிகள் சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சரி, இண்டைக்குக் கொண்டுபோங்க."

"இண்டைக்கு மட்டும் எண்டா வேணாம் சேர்," என்றாள் அதுவரை வாய் திறக்காத ஸும்ரா.

அந்த மாதச் சபைக் கூட்டத்தில் பார்வையாளர் இருக்கைகள் முழுவதிலும் தீவுப் பெண்கள் இருந்தார்கள். உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்ப, படகு சுற்றுலாவுக்குப் போனதைச் செயலாளர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இனிப் படகு தீவிலேயே நிற்கும், அதன் திறப்புச் சாவி அங்குள்ள மருத்துவிச்சியிடம் இருக்கும் என்று முடிவானது. வெளியே வந்ததும் பெண்கள் எதற்கென்றில்லாமல் சிரித்தார்கள்.

ஒரு மத்தியானம் ஸும்ராவுக்கு வலி கண்டது. அலியார் உடனே படகை எடுத்தார். அக்கரையில் அம்புலன்ஸ் நின்றது. புத்தளம் ஆஸ்பத்திரியில், டொக்டர் வந்து "பயப்பட ஒண்டுமில்ல" என்று சொன்ன பிறகு, வராந்தாக் கதிரையில் சாய்ந்த றைஸா அப்படியே உறங்கிப்போனாள். பிள்ளையைக் காட்டுவதற்குத் தாதி அவளைத் தட்டித்தான் எழுப்பினாள்.