ஏழாம் குழியில் நட்ட கல்

திருச்சியில் ஏது கோல்ஃப் என்று கேட்பவர்கள் அரியமங்கலம் தாண்டி வந்து பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் தனக்கென்று போட்ட மைதானம். அவன் போனபின் எல்லோருக்குமென்று திறந்துவிட்டார்கள். லேத்துப் பட்டறைக்காரன், ஆட்டோக்காரன், யாரும் ஆடலாம். புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் கிடையாது. குழியைச் சுற்றி மணல்தான். கழிவு ஆயிலைக் கலந்து, பலகையால் இழுத்துச் சமமாக்கினால் பந்து நேராக ஓடும். பலகை இழுப்பவள் அழகம்மாள். ஆயில் கொண்டுவருபவன் மெக்கானிக் ஜாவித்.

அன்று, அங்கே லாரி நிறுத்தம் கட்டுவதற்காக இடம் அளக்க வந்தவர்கள், ஏழாம் குழி மணலின் நடுவில் எல்லைக்கல்லை நட்டுவிட்டார்கள். அழகம்மாள் கடப்பாரையோடு போனாள். பின்னாலேயே ஜாவித்தும் வந்தான்.

"யாரும் ஆடாத தரிசுன்னு ரிப்போர்ட் போயிருச்சும்மா," என்றார் அதிகாரி.

"தரிசுல நடந்தா பூட்ஸுல ஆயில் ஒட்டுமா சார்?"

ஜாவித் சிரித்துவிட்டான். அதிகாரி குனிந்து காலைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"கல்லத் தொட்டா கேஸ். யார் தொட்டாலும்."

ஜாவித்தின் சிரிப்பு நின்றது. அடுத்த மாதம் அவன் துபாய் போக வேண்டும். பெயரில் வழக்கு விழுந்தால் போலீஸ் சான்று கிடைக்காது.

"அக்கா, விடுங்க. வக்கீலப் பாப்போம்."

"வக்கீல் சட்டை மாட்டுறதுக்குள்ள ஜேசிபி வந்துரும். நீ தள்ளி நில்லு. வெளிநாடு போற புள்ள."

கடப்பாரையை இறக்கினாள். ஆயில் மணல் தார்போல இறுகிக் கிடந்தது. மூச்சு வாங்க வாங்கக் குத்திக் கல்லைச் சாய்த்தாள். தூக்கத்தான் முடியவில்லை. அதிகாரி போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

"நல்லா எடுங்க சார். மொகம் தெரியணும். அழகம்மா, காட்டூர்."

ஜாவித் குனிந்து கல்லின் மறுமுனையைப் பிடித்தான்.

"உன்ன யார்றா கூப்பிட்டா?"

"ஊத்துன ஆயில் யாரோடதுக்கா? தூக்குங்க."

இருவரும் கல்லைச் சுமந்துபோய் அதிகாரியின் ஜீப்புக்குள் பின்பக்கம் போட்டார்கள். ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது. அதிகாரி போனை இறக்கவில்லை. ஜாவித் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போன் பக்கம் திரும்பினான்.

"ஜாவித். அத்தா பேரு குத்புதீன். பட்டறை பின்னாடி தெருவுலதான்."