அரை மணிக்கு நாலரை பாட்டில்

மாமனாருக்காக ராபின் தன் மோட்டார் போட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருகாணி போட்டுப் பொருத்திய நாளிலிருந்து ஆசீர்வாதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ராபின் அவனுக்குச் சகலை. மனைவி ஜெபாவின் அக்கா புருஷன். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் இருபத்தைந்து குதிரைசக்தி என்ஜினோடு ஒரு பைபர் படகு வாங்கினான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் முட்டிவலிக்கார மாமனாரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, பழவேற்காடு ஏரியைத் தாண்டி அக்கரை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். ரோட்டு வழியாகப் போனால் ஊரெல்லாம் சுற்ற வேண்டும். போட்டில் அரை மணி நேரம்தான்.

"ராபின் போட்டுல போனா காரெல்லாம் பிச்சை வாங்கணும்" என்று மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஆசீர்வாதம் மாதம் தவறாமல் வாங்கித் தரும் முட்டிவலித் தைலத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆகவே ஆசீர்வாதம் ஒரு முடிவுக்கு வந்தான். இந்த வருஷம் மாதா கோயில் திருநாளுக்கு மாமனார் உட்காரப்போவது தன் போட்டில். புதுசு வாங்க வக்கில்லை, பழசு போதும். ஆனால் ராபினுடையதைவிட ஒரு குதிரைசக்தி கூடக் குறையக் கூடாது.

புரோக்கர் தணிகைவேல் போன வாரமே ஒரு சின்ன போட்டைக் காட்டினான். பத்து குதிரைசக்தி. ஐந்து பேர் உட்காரலாம். ஜெபாவுக்கு அது பிடித்துவிட்டது. ஆசீர்வாதம் என்ஜினைப் பார்த்துவிட்டு, "இது மிக்சி மோட்டாருய்யா, சட்னி அரைக்கலாம்" என்று திரும்பி வந்துவிட்டான்.

இந்தச் சனிக்கிழமை தணிகைவேல் காட்டியது பச்சை பெயின்ட் அடித்த போட்டு. இருபத்தைந்து குதிரைசக்தி. ஆசீர்வாதத்தின் முகம் மலர்ந்தது.

"லிட்டருக்கு எத்தினி கிலோமீட்டர் குடுக்கும்?"

தணிகைவேல் சிரித்தான். "அண்ணே, இது பைக் இல்ல. காத்து எதிர்ல அடிச்சா ஒரு கணக்கு, பின்னால தள்ளுனா ஒரு கணக்கு. போட்டுக்கு மணிக்கு எத்தினி லிட்டருன்னுதான் கேக்கணும்."

"பத்து வருசமா கம்பெனில ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கினுகீற. அதுக்கு மட்டும் இன்னா, கிலோமீட்டரா பாக்கற?" என்றாள் ஜெபா. "மணிக்கணக்குதான?"

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் அந்தச் சரக்கு தூக்கும் வண்டி மேல் அவன் செலவழித்த பத்து வருஷமும் ஒரு நிமிஷத்தில் தலையைக் குனிந்துகொண்டன.

தணிகைவேல் டேங்கை வாய்வரை நிரப்பினான். போட்டில் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டு, வராதவர்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றினான். மாமனாருக்கு ஒரு மூட்டை, மாமியாருக்கு ஒன்றரை.

"எங்கம்மா அவ்ளோ கனமில்ல" என்றாள் ஜெபா.

"திருநாள் பிரியாணி சாப்ட்டுத் திரும்பி வரணும்ல, அக்கா."

ஏரியில் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து சிதறியது. ஆசீர்வாதம் மாமனாருக்கான மணல் மூட்டையைப் பார்த்தான். மூட்டை அவனைப் பாராட்டுவது போலிருந்தது.

கரைக்கு வந்ததும் தணிகைவேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை அளந்து, டேங்க் மறுபடி வாய்வரை நிறையும் வரை ஊற்றினான். நாலரை பாட்டில் உள்ளே போனது.

"அரை மணிக்கு நாலரை. போக வர ஒரு மணி, ஒம்போது லிட்டரு. அதுக்கு மேல மூணு லிட்டரு கைவைக்காம வெச்சுக்கணும். நடு ஏரில பங்க் கெடையாது."

"ஒம்போது லிட்டருல நீ அரை மாசம் வேலைக்குப் போய்ட்டு வருவ" என்றாள் ஜெபா. "ஒரே ஒரு ஞாயித்துக்கெழமைக்கு ஊத்தணுமா? சின்ன போட்டு இதுல பாதிகூடக் குடிக்காது."

"இத்தினி நல்ல போட்டை இன்னாத்துக்கு விக்கறாங்க?" என்று ஆசீர்வாதம் பேச்சை மாற்றினான்.

"வாராவாரம் ஏரில ஓட்டுனவரு. பெட்ரோல் ஊத்தி மாளலியாம். பேரு சொல்ல வேணாம்னாரு."

ஆசீர்வாதம் மணல் மூட்டையை நகர்த்தினான். அடியில், பலகையில், மக்குப் பசை வைத்து அடைத்த நாலு ஓட்டைகள். ஒரு நாற்காலியின் நாலு கால் அளவுக்கு.

இரண்டு வருஷமாக அவன் வயிற்றில் எரிந்த அடுப்பு சட்டென்று அணைந்தது. ராபினால் முடியவில்லை. ராபின் தோற்றுவிட்டான். அவன் ஜெபாவின் காதருகே குனிந்தான்.

"இது ஒங்க மாமா ராபின் போட்டு."

"சும்மா இருய்யா. அவுரு போட்டு வெள்ளை."

"பெயின்ட் அடிச்சுட்டாரு. நாற்காலி ஓட்டையப் பாரு."

"நாலு ஓட்டை எந்த போட்டுலயும் இருக்கும்."

"அப்ப இதப் பாரு" என்று ஆசீர்வாதம் இடது பக்க விளிம்புக்கு அடியில் கையை விட்டான். தேடவே இல்லை, விரல் நேராகப் போய் நின்றது. பச்சை பெயின்ட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளக் கோடு தட்டுப்பட்டது. "கீறல். இருக்குதா? சொன்னேன்ல."

ஜெபா அந்த இடத்தைத் தடவினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள்.

"போட்டு கட்டற துறையில யாரோ கீறிட்டாங்கன்னு அக்கா அழுதுச்சு. எங்க கீறுனாங்கன்னு எங்கிட்டகூட சொல்லல. ஒனக்கு எப்டித் தெரியும்?"

போன திருநாளன்று எல்லோரும் கோயிலுக்குள் இருந்த நேரம் அவன் நினைவுக்கு வந்தது. கையில் இருந்த பைக் சாவியும். அவன் விரல் சட்டைப் பையிலிருந்த சாவியைப் போய்த் தொட்டது; ஜெபா அதையும் பார்த்தாள்.

"சகலைதான்... ஒருநாள் காட்டுனாரு."

"அவுரு ஒனக்குக் காட்டுனாரு." அவள் குரல் ஏறவில்லை. "துறைக்காரங்க கூட அவுரு ஒரு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல, தெரியுமா? அவங்கதான் கீறிட்டாங்கன்னு."

ஒன்றும் புரியாத தணிகைவேல் இடையில் வந்தான். "அந்தக் கீறலுக்காக வெலைல கொஞ்சம் கொறைச்சுக்கலாம், அண்ணே. ஓனரே சொன்னாரு. அவரு வெவரமான ஆளு. போன வாரம் நீங்க வேணாம்னு சொன்ன சின்னத, இப்டியே பாட்டில்ல அளந்து பாத்துட்டு, அன்னிக்கே வெலை பேசி வாங்கிட்டாரு."

அணைந்த அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. மிக்சி மோட்டார். பாதி பெட்ரோல். அதையும் ராபினே வாங்கிவிட்டான்.

"அதுல அஞ்சு பேருதான ஒக்காரலாம்?" என்று ஜெபா தணிகைவேலிடம் கேட்டாள்.

"ஆமாக்கா."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "மாமா, அக்கா, அப்பா, அம்மா, நானு. சரியாப் போச்சு." முந்தானையை உதறிக்கொண்டு கரையில் இறங்கினாள். "திருநாளுக்கு நீ ரோட்டுல சுத்தி வா. அதுக்கு முன்ன மாமாகிட்டயும், துறைக்காரங்ககிட்டயும் நீயே வாயத் தொறந்து சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது."

"ஜெபா..."

"அந்தச் சாவியப் பத்தரமா வெச்சுக்கோ. பைக்குல வரணுமில்ல."

ஆசீர்வாதம் மறுபடி சட்டைப் பையைத் தொட்டான். சாவி இருந்தது. எதிரே ஏரியில் யாரோ ஒருவருடைய சின்ன போட்டு, பெட்ரோலை மிச்சம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனது. அதில் அவன் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவும், பக்கத்தில் ஜெபா சிரிப்பது போலவும் அவனுக்குத் தெரிந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.