ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

முறைத்தண்ணீர் எங்கள் வயலுக்கு ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை, ஞாயிறு காலையில் வரும் என்று வாய்க்கால் கூட்டத்தில் சொன்னார்கள். ஞாயிறு காலையில்தானே சபையில் ஆராதனை. வேறு நாளே கிடைக்கவில்லையா? பிந்தி விதைத்த சிறுபோகம். நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. அந்தத் தண்ணீர் தவறினால் எல்லாம் பதர்தான். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடையாது, மிஷின் வைத்து இறைக்கவும் வழியில்லை. என் மனுசன் கிருபன் மலேரியாவில் சுருண்டு கிடந்தார்.

"ஆராதனையை விடாதேங்கோ அக்கா. கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்றார் பாஸ்டர். அவருக்கு வயல் இல்லை. எங்கள் முறை வரும்போது ஆள் நின்று வாய்க்காலை மறித்து மடையைத் திறக்காவிட்டால், தண்ணீர் நேரே கீழ் வயலுக்குப் போய்விடும். அது தெரிந்தும் பைபிளைத் தூக்கிக்கொண்டு ஒட்டுசுட்டான் றோட்டால் நடந்தேன். நம்பிப் போனேனா, பயந்து போனேனா, எனக்கே தெரியாது. பாட்டொன்றும் மனதில் ஏறவில்லை. கண்ணை மூடினால் வெடித்த வயல்தான் தெரிந்தது.

திரும்பி வந்து பார்த்தால் வயல் நிறையத் தண்ணீர். வரம்பில் முழந்தாளிட்டு அழுதேன். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன்: "மனுசர் கை படாமல் ஆண்டவர் என்ர வயலுக்குத் தண்ணி பாய்ச்சினவர்." எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

மறுநாள் வரம்பு பார்க்கப் போனபோது, மடைக்குப் பக்கத்துப் புல்லுக்குள் ஒரு மண்வெட்டி கிடந்தது. பிடியில் சிவப்புச் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. மேல் வயல் விமலேஸ்வரியக்காவின் மண்வெட்டி.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மா இடித்துக்கொண்டிருந்தா.

"இதைத் தேடாத இடமில்லை, மலர்."

"அண்டைக்கு நீங்களே என்ர வயலுக்குத் தண்ணி மறிச்சு விட்டனீங்கள்?"

"ஓம். என்ர முறை முடிஞ்சும் உன்னைக் காணேல்லை."

"ஆவணி ஞாயிறெல்லோ. நாகதம்பிரான் கோயிலுக்குப் பொங்கப் போகேல்லையே?"

"எங்க போறது?" உலக்கையை நிறுத்தினா. "நீ உன்ர கடவுளை நம்பித்தானே வயலை விட்டிட்டுப் போனனீ. வந்து காஞ்ச வயலைக் கண்டால் அவரோடையெல்லோ கோவிப்பாய். அந்தாளுக்கு ஏன் கெட்ட பேர் எண்டுதான்."

சபையில் நான் சொன்னதை நினைக்க வெட்கமாக இருந்தது.

சாட்சியைத் திருத்திச் சொல்லட்டோ என்று பாஸ்டரிடம் கேட்டேன். "தேவையில்லை. கர்த்தர்தான் அந்த அம்மாவை ஏவினவர்" என்றார். அப்படியென்றால் அக்காவின் பொங்கலைக் கெடுத்ததும் கர்த்தரா? அதை அவரிடம் கேட்கத் துணிவில்லை. கிருபனிடம் கேட்டேன்.

"தண்ணி வந்ததோ இல்லையோ?" என்றுவிட்டுப் போர்வையை இழுத்து மூடினார். மனுசருக்குக் குளிர்காய்ச்சல், அவரோடு என்ன கதை.

மறுபடி எங்கள் முறை வந்தது. அதுதான் ஆவணியின் கடைசி ஞாயிறு. முதல்நாளே அக்காவிடம் போனேன்.

"நீங்கள் பொங்கப் போங்கோ. உங்கட மடையையும் நான் பாக்கிறன்."

"ஆராதனை?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்துச் சிரித்தா. "அப்ப நானும் நாகதம்பிரானை நம்பி வயலை விட்டிட்டுப் போறன்."

ஞாயிறு காலை, சபையில் பாட்டுத் தொடங்கும் நேரம், நான் முழங்கால் சேற்றில் நின்று அக்காவின் மடையைத் திறந்தேன். ஆராதனையை விட்டது பாவமா, இல்லையா? யாரிடம் கேட்பது? வாய்க்காலில் தண்ணீர் வழக்கத்தைவிட மெலிந்து வந்தது. என் வயலுக்கும் இதில்தான் மிச்சம் வரவேண்டும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, தண்ணியைக் குறைச்சுப்போடாதேயும். நாகதம்பிரானுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது."