பொட்டு வைத்த சக்கரம்

இஞ்சினுக்கு வாயில்லை என்பார்கள். ஆனால் எந்த நேரத்தில் நின்றால் மனுஷன் கழுத்தில் சுருக்கு விழும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். வீரமுத்துவின் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இஞ்சின் பார்த்துப் பார்த்து நின்றது, சாலை மறியல் நடந்த வாரத்தில்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டம் முழுக்க ரோட்டில் மரம் கிடந்தது. சின்னசேலம் ரோட்டில் கிடந்த புளியமரத்தில் வீரமுத்துவின் கோடாலி வெட்டும் உண்டு. வெட்டியவர்களைப் போலீஸ் தேடுகிறது என்றதும் ஊர் ஆம்பளைகள் கல்வராயன் மலை ஏறிவிட்டார்கள். வீரமுத்துவும் ஏறியவன்தான். பாதி மலையில் மச்சினன் ராசு மூச்சிரைக்க வந்து அவனைப் பிடித்தான்.

"மாமா, இஞ்சின் நின்னு போச்சு. அக்கா கயிறு இசுத்து இசுத்து கையெல்லாம் கொப்புளம்."

வீரமுத்து மறு பேச்சுப் பேசாமல் இறங்கிவிட்டான். இறங்காமல் என்ன செய்வான்? நெல் பால் பிடிக்கிற பருவம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிரெல்லாம் பதர். நிலமோ குத்தகை. போன போகமும் மணி பிடிக்காமல் சாவியாய்ப் போனதில் நிலக்காரர் சுப்புராயன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் வெளயலன்னா நெலத்த வுட்டுடு. வேற ஆளு காத்துக்கினு கீறான்." சொன்னால் செய்கிற மனுஷர் அவர்.

கிணற்று மேட்டில் பிளக்கைக் கழற்றி இஞ்சின் மேல் ஒட்டி வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். பொறி இல்லை. பொறி கொடுக்கிற பாயிண்ட் கரி பிடித்துக் கிடக்கிறது என்று புரிந்துவிட்டது. சில வருஷம் முன்னாலும் இதே கோளாறுதான். சின்னசேலத்திலிருந்து மெக்கானிக் காசிநாதன் வந்து, பையிலிருந்து புல்லர் என்று ஒரு சாமானை எடுத்து இஞ்சின் சக்கரத்தில் மாட்டினார். வீரமுத்து அவருக்கு டீ வாங்கி வருவதற்குள் சக்கரம் தரையில் கிடந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால்தான் பாயிண்ட். அதைத் தேய்ப்பது ஒரு பீடி குடிக்கிற நேரத்து வேலை. சக்கரத்தைக் கழற்றுவதுதான் வேலை. ராசு நடந்தே சின்னசேலம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். காசிநாதன் கடை பூட்டு. ஊரே பூட்டு. லாரி பஸ் எதுவும் மரத்தைத் தாண்டி வரவில்லை.

"மரத்த வெட்டும்போது இஞ்சினக் கேட்டுக்கினா வெட்டுன?" என்றாள் அவன் பெண்சாதி தைலம்மாள்.

வெட்டியது தப்பு என்று அவன் நினைக்கவில்லை. தங்கச்சி மகன் பி.ஏ. படித்துவிட்டு மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறான். அந்த வயிற்றெரிச்சலில் போட்ட வெட்டு அது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்தான், சக்கரம் அசையவில்லை. பின்னால் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். சக்கரத்தில் விசிறி போலிருந்த இதழ்களில் ஒன்று உடைந்து விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் தைலம்மாள் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மாட்டப் பூட்டி இசுக்கலாம் மாமா," என்றான் ராசு. "கெணத்துத் தண்ணியவே மேல கொண்டாந்த மாடு. இதுக்கு இந்தச் சக்கரம் இன்னா ஜாஸ்தி?"

மூழ்குகிறவனுக்கு எது கிடைத்தாலும் கட்டைதான். வடக்கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி, காளைகளைப் பூட்டி, ராசு வாலை முறுக்கினான். காளைகள் எந்தக் குறையும் வைக்காமல் இழுத்தன. சக்கரம் மட்டும் வரவில்லை. அடியில் தாங்கியிருந்த கட்டை பெயர்ந்து இஞ்சினே குப்புற விழுந்து, இரண்டு முழம் இழுபட்டுப் போய் நின்றது.

தைலம்மாள் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். "பூட்ச்சே! எல்லாம் பூட்ச்சே! மூட்டயக் கட்டிக்கினு எங்க போவேன்?" வீரமுத்துவுக்கும் அழுகை முட்டியது. காளைகள் முன்னால் அழ வெட்கப்பட்டு இஞ்சினை நிமிர்த்தக் குனிந்தான்.

அப்போதுதான் பார்த்தான். கல்லில் உரசியதில் சக்கரத்தின் முகத்திலிருந்த பெயிண்ட் அப்பளமாய்ப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் ஒரு குழியின் விளிம்பு. குழிக்குள் கல்லாய் இறுகிய சந்தனம்.

"ஊக்கு குடு," என்றான்.

தைலம்மாள் தாலிக் கயிற்றிலிருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். நோண்ட நோண்டச் சந்தனம், குங்குமம், பச்சை பெயிண்ட், மறுபடி சந்தனம் என்று வந்துகொண்டே இருந்தது. அடியில் போல்ட் முறுக்குகிற மரை தெரிந்தது. அதே போல இன்னொரு குழி, இன்னொன்று. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இஞ்சினைக் குளிப்பாட்டி, பெயிண்ட் அடித்து, சக்கரத்துக்கு மூன்று பொட்டு வைப்பவன் அவன்தான். மூன்று குழியும் விரல் நுனிக்கு வாகாய் இருந்தன. பொட்டு வைக்கத்தான் கம்பெனிக்காரன் குழி விட்டிருக்கிறான் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தான். காசிநாதன் புல்லரை மாட்டியதே அதில்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

"சாமிக்கு வெக்கிறேன்னு அது வாயிலயே மண்ணப் போட்டுட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. டேங்கைப் பிடித்திருந்த போல்ட் ஒன்றைக் கழற்றிக் குழியில் வைத்துத் திருப்பினான்; வெண்ணெயாய் இறங்கியது. அதே அளவில் இன்னும் இரண்டைக் கழற்றிக்கொண்டான். மாட்டு வண்டி அச்சுக்கு முட்டுக் கொடுத்திருந்த உள்ளங்கை அகலத் தகட்டை ராசு பெயர்த்து வந்தான். தைலம்மாள் அடுப்பில் கரி மூட்டி முறத்தால் விசிறினாள். சிவக்கக் காய்ச்சிய தகட்டில் கடப்பாரை முனையால் மூன்று ஓட்டை. கோணல்மாணலாய்த்தான் விழுந்தன, ஆனால் போல்ட் நுழைந்தது. தகட்டின் நடு, சக்கரத்தைத் தாங்கும் தண்டின் முனையில் முட்டியது; முறுக்க முறுக்கச் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். மூன்று போல்ட்டையும் ஒன்று மாற்றி ஒன்று, சமமாய் முறுக்கினான். தகடு முனகியது. தைலம்மாள் ஊர் அம்மனை எல்லாம் கூப்பிட்டாள்.

டங்கென்று ஒரு சத்தம். சக்கரம் அவன் மடியில் வந்து உட்கார்ந்தது.

தீப்பெட்டியின் மருந்துப் பட்டையால் பாயிண்டைத் தேய்த்தான். எல்லாவற்றையும் மாட்டி, இஞ்சினைக் கட்டையில் ஏற்றிக் கட்டி, பிளக்கை வைத்துப் பார்த்தால் நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. கயிற்றைச் சுற்றினான். ராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ரோட்டுல போலீஸ் நிக்குது. ஊர்ல ஒரு வண்டி ஓடல, ஒரு மிசின் ஓடல. இது போடற சத்தம் கள்ளக்குறிச்சிக்கே கேக்கும். நீ மல ஏறு, நான் இசுக்கிறேன்."

"கட்டையில வெறும் கயித்துக் கட்டுதான். ஆடிச்சின்னா நின்னுடும். பக்கத்துல இருந்து புடிச்சிக்கணும். ஒனக்கு அந்தப் புடி வராது."

"வாணாம்யா," என்றாள் தைலம்மாள். ஆனால் அவள் கண் வயலின் வெடிப்பில்தான் இருந்தது. அதை அவன் பார்த்துவிட்டான்.

இழுத்தான். இஞ்சின் இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. குழாய் வாயில் தண்ணீர் கொப்பளித்து வாய்க்காலில் விழுந்தது. ஆடிய இஞ்சினை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி மடை நனைகிற நேரத்தில் வரப்பில் காக்கிச் சட்டைகள் வந்தன. அவன் எழுந்திருக்கவில்லை. "இந்த மடை மட்டும் பாஞ்சிக்கட்டும் சார்," என்றான். அவர்களும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

கூட்டிப் போகும்போது திரும்பிச் சொன்னான்: "தைலா, மூணையும் சமமா முறுக்கு. அவசரப்படாத."

அடுத்த ஒரு வாரத்தில் மறுபடியும் பாயிண்ட் கரி பிடித்தது. கொப்புளம் ஆறாத கையால் தைலம்மாளே மூன்றையும் சமமாய் முறுக்கினாள். கதிரில் பால் இறுகித் தலை சாயத் தொடங்கியது. ஆயுத பூசை வந்தபோது வீரமுத்து இன்னும் ஜெயிலில்தான் இருந்தான். ராசு சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து சக்கரத்திடம் குனிந்தான்.

"அங்க வெக்காத," என்று அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள் தைலம்மாள். கோணல் ஓட்டை போட்ட தகட்டை எடுத்து மடியில் வைத்து, அதற்கு மூன்று பொட்டு வைத்தாள். வைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.