அடுத்த வீட்டில் விசாரித்தார்கள்

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே குளத்தின் எதிர்க்கரையில் இருக்கும் மோக்ஷதா அத்தை வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

குளத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நான்தான் பார்த்தேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கையில் குடை. பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண்மணி, வாயில் வெற்றிலை. செருப்பைப் படியில் விட்டுவிட்டு ஏறினார்கள்.

ஓடிப்போய்த் தீதியிடம் சொன்னேன். தீதி என்றால் அக்கா; என் ஓரகத்தி, மூத்தவள். பெயர் லாபண்யா. வரன் அவள் மகள் துலிக்கு.

தீதி மீன் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அவ வீட்டுக்கா?"

"அவங்க வீட்டுக்குத்தான்."

"தொலைஞ்சோம்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் வீட்டில் கேட்டால் என்ன தெரியும்? அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். சொல்லாமல் வருவார்கள். முன்பு வந்த வரன்கள் துலியின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போயின. கட்வாவிலிருந்து வந்த இந்த வரன் மட்டும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. மிச்சமிருந்தது இந்த விசாரணைதான்.

மழைக்காலத்தில் அத்தையின் வாத்து எங்கள் வைக்கோல்போரில் முட்டையிட்டது. தீதி அதை எடுத்துக் குழம்பு வைத்தாள். அத்தை அந்தப் படித்துறையில் நின்று கேட்டாள். "முட்டையில உன் பேரா எழுதியிருக்கு?" என்றாள் தீதி, இந்தப் படித்துறையில் நின்று. பேச்சு முட்டையை விட்டு எங்கெங்கோ போயிற்று. கடைசியில் தீதி அத்தையைப் புருஷனைத் தின்றவள் என்றாள். அதன்பிறகு இரண்டு கரையிலும் சத்தமில்லை.

துர்கா பூஜை முடிந்து விஜயதசமி வந்தது. விஜயாவுக்கு எல்லா வீட்டுக்கும் போய், பெரியவர்கள் காலைத் தொட்டு, இனிப்புத் தின்றுவிட்டு வருவோம். இந்த வருடம் அத்தை வீட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை.

தீதி மீனை அப்படியே விட்டுவிட்டு, தட்டில் தேங்காய் உருண்டைகளை அடுக்கினாள்.

"நீ போ. விஜயாவுக்கு வந்தேன்னு சொல்லு. காளி பூஜை வரைக்கும் போலாம்ல?"

"போய்?"

"கெட்டதா எதாவது சொன்னா பேச்சை மாத்து."

"எப்படி மாத்த?"

"தட்டைக் கீழ போடு. மயங்கி விழு. என்னையா கேக்கறே?"

போனேன். அத்தையின் குரல் வாசலிலேயே கேட்டது.

"வா சின்ன மருமவளே. இப்பதான் உங்க தீதி பெருமையெல்லாம் சொல்லிட்டிருந்தேன். இவங்க மாப்பிள்ளையோட பெரியப்பா, பெரியம்மா."

அத்தையின் காலைத் தொட்டேன். தலையில் கை வைத்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். இனிக் கீழே போடவும் வழியில்லை.

"நீயே சாட்சி. லாபண்யா வாய் எப்படி?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுவாங்க."

"கொஞ்சமா! அவ இங்க திட்டினா ஆத்துல போற படகுக்காரன் துடுப்பை நிறுத்திடுவான். என்னை என்ன சொன்னா தெரியுமா? என் வீட்டுக்காரரை நான் தின்னுட்டேனாம்."

அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. பெரியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். நான் தரையைப் பார்த்தேன். துலியின் கல்யாணம் அந்த இடத்தில் முடிந்துபோனது என்று நினைத்தேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "நாங்க பொண்ணைப் பத்திக் கேட்டோம்."

"அதைத்தானே சொல்றேன். அந்த வாய்க்குக் கீழ வளந்த பொண்ணு. இந்தக் கரையில உக்காந்தா அந்த வீட்ல மூச்சு விடறதுகூட எனக்குக் கேக்கும். ஒரு நாள் அது எதிர்த்துக் கத்தினதில்லை. பயந்தாங்கொள்ளின்னு நினைக்காதீங்க. அம்மாக்காரி என்னைச் சொன்னாளே, அன்னிக்குச் சாயங்காலமே பின்வாசல் வழியா வந்துச்சு. ஒண்ணும் பேசலை. என் காலுக்கு எண்ணெய் தேச்சுவிட்டுட்டுப் போச்சு. இப்பவும் வருது."

அது எனக்கும் தெரியாது.

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். "மாப்பிள்ளையோட அம்மா, அதான் எங்க சின்னவ, அவளும் இதே ரகம்தான். வேலைக்காரி ஒருத்தியும் தங்கமாட்டா. எந்தப் பொண்ணு வந்து மாட்டப்போகுதோன்னு பயந்துட்டேதான் தேடறோம்."

"அதை இங்க எதுக்குச் சொல்றே?" என்றார் பெரியப்பா.

"ஏன், அவங்க மறைக்காம சொல்லலையா?"

அத்தை அவளுக்கு ஓர் உருண்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். எங்க பொண்ணை உங்க சின்னவ அழவெச்சான்னு தெரிஞ்சா, லாபண்யாவைக் கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல விட்டுருவேன். அப்புறம் உங்க பாடு."

பெரியப்பாவும் சிரித்தார்.

அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மீனும் சோறும் சாப்பிட்டார்கள். துலி பரிமாறினாள். அறுவடை முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொன்னார். தீதி அன்று பேசியது அவ்வளவு மெதுவாக இருந்ததால் பெரியம்மா இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டாள்.

அவர்கள் பஸ் ஏறியதும் தீதி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். படகுக்காரனைச் சொன்னபோது முறைத்தாள். எண்ணெயைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எண்ணெயா?"

"ஆமாம்."

"என் வீட்டு எண்ணெய்."

பிறகு எழுந்து வேறு புடவை மாற்றிக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள். தனியாகப் போகப் பயம் என்று சொல்லவில்லை.

அத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"விஜயாவுக்கு வந்தேன்," என்றாள் தீதி.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

தீதி குனிந்தாள். அத்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை. தீதி நிமிர நேரமாயிற்று.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"அதை எடுக்காதே. உன்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தைகூட நானும் சொல்லலை."

"கேள்விப்பட்டேன்."

"பொண்ணைப் பத்திப் பொய் சொல்ல என்ன இருக்கு?"

தீதி தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மஞ்சள் பூசற அன்னிக்கு நீங்கதான் முன்னால உக்காரணும்."

"நானா? விதவை. பின்னால எங்கயாவது நின்னு பாத்துக்கறேன்."

"முன்னால."

"ஊர் கேக்கும்."

"கேக்கட்டும்."

அத்தை விறகை உள்ளே தள்ளிவிட்டு, மூன்று பேருக்கும் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.