ஏழாவது பாட்டைப் பற்றிக் கேட்டவர்கள் சொன்னது

காலை ஏழு மணிக்கு அவள் கணவரின் ஆல்பம் இணையத்தில் வெளியானது. ஏழு இருபதுக்குள் நாற்பத்தோரு பேர் கருத்து எழுதிவிட்டார்கள். ஆல்பத்தின் மொத்த நீளமே நாற்பத்தாறு நிமிடம். முழுசாகக் கேட்காமல் என்னத்தை எழுதுகிறார்கள் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுபோய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் வெளியே வரவில்லை. உள்ளே ஈரத்தோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் சிரிக்கிறாளா, உச்சுக்கொட்டுகிறாளா என்று.

ஒரு காலத்தில் அவருக்குத் 'தந்தி' என்று பெயர். ஏதோ கல்லூரி விழாவில் ஒரே மூச்சில் தொண்ணூறு சொல்லை ஓர் எழுத்துகூடச் சிதறாமல் கொட்டித் தீர்த்தபோது, கூட்டத்தில் யாரோ கத்திய பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்று ராப் ஆல்பங்கள் அவரை எங்கெங்கோ கொண்டுபோயின. நான்காவது ஆல்பம் கவிழ்த்துவிட்டது. அதில் ஒரு பாட்டோடு ஆட்டின் கத்தலை ஒட்டி ஒருவன் ஒரு வீடியோ போட, எட்டு லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அந்த எட்டு லட்சத்தில் பாதி தடவை தானே பார்த்திருப்பார். ஒவ்வொரு கருத்தாகப் படித்துப் படித்துக் குடித்தார். குடித்துக் குடித்துப் படித்தார். அதிலிருந்து மீள இரண்டு வருடம் பிடித்தது. பிறகு ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் வேலைக்குப் போனார். பதினொரு வருடம் ஒரு வரி எழுதவில்லை. போன வருடம் ஒரு நாள் கடையிலிருந்து வந்தவர், பெயிண்ட் டப்பா லேபிளின் பின்பக்கத்தில் எழுதிய எட்டு வரியை அவளிடம் நீட்டினார். படித்துவிட்டு, "பாடுங்க" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கருத்து எதையும் அவர் படிக்கக் கூடாது. அவள் படிப்பாள், சொல்ல வேண்டியதைச் சொல்வாள்.

தலையைத் துவட்டியபடி வந்து மேசையில் உட்கார்ந்தார். ரொட்டியைத் தொடவில்லை.

"சொல்லு."

"ஒருத்தர் அழுதுட்டாராம். பதிமூணு வருஷம் காத்திருந்ததுக்கு இது போதும்னு எழுதியிருக்கார்."

"அப்புறம்?"

"மூணாவது பாட்டு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"திட்டினது ஒண்ணு சொல்லேன். இல்லேன்னா நீ மறைக்கிறேன்னு தோணும்."

அவள் தேடி, காயப்படுத்தாத ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். "'முன்னாடி இவர் தந்தி. இப்ப தபால். ஆனா வந்து சேர்ந்திடுச்சு.'"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்ததும் ரொட்டியையும் எடுத்தார். அந்தத் தெம்பில் அவள் இன்னொன்றையும் படித்தாள். யாரோ விவரமாக எழுதும் விமர்சகர்: "வயதோடு சொல் எளிமையாகிவிட்டது. பழைய அலங்காரமெல்லாம் உதிர்ந்து, சின்னச் சின்னச் சொற்களில் நிற்கிறார்." இதைக் கேட்டால் பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நேரமாச்சு" என்று எழுந்தார்.

அவளுக்கு ஒரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தில் வேலை. வாடிக்கையாளரோடு ஊழியர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். பணிவுக்கு இவ்வளவு, வேகத்துக்கு இவ்வளவு, உச்சரிப்புத் தெளிவுக்கு இவ்வளவு. பதினெட்டு வருடமாகக் காதை விற்றுப் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்வாள். அன்று ஒரு பதிவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கைபேசியைத் திறந்து திறந்து பார்த்தாள். மதியத்துக்குள் கருத்துகள் ஆயிரத்தைத் தாண்டின.

"தாத்தா, மாத்திரை போட்டீங்களா?"

"என் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். எழுந்து ஆடிட்டார். முட்டி வலின்னு சொன்னதெல்லாம் நடிப்பு."

"ஏழாவது பாட்டைக் கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா. தண்ணி போட்டுட்டுப் பாடியிருக்காரா?"

அதன்கீழே கூட்டம் கூடியிருந்தது. அது ஸ்டைல், வேண்டுமென்றே நாக்கை இழுக்கிறார் என்று ஒருவர். பல் செட் என்று ஒருவர். 'தெருவிளக்கு' என்பதைத் 'தெவிளக்கு' என்கிறார், காது இருக்கிறவன் கேட்டுப் பார் என்று ஒருவர். பழக்கம் விட்டுப்போகுமா என்று ஒருவர் கண்ணடித்திருந்தார்.

அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு வந்தாள். செய்யக் கூடாது என்று தெரிந்தே அவருடைய பழைய பையை உதறினாள். அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். இந்த இடங்களெல்லாம் அவள் கைக்கு இன்னும் மறக்கவில்லை என்பதே அவளுக்கு அவமானமாக இருந்தது. எதுவும் இல்லை. சாயங்காலம் அவர் வந்ததும், சட்டையில் பெயிண்ட் பட்டிருக்கிறது என்று சாக்குச் சொல்லிக் கிட்டப் போய் மூச்சை முகர்ந்தாள். டர்பென்டைன் நெடிதான் அடித்தது.

"என்ன, மோப்ப நாய் மாதிரி?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்பதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி! மறுநாள் காலை பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் கைபேசியைத் திறந்தாள். அதே சண்டைக்கு அடியில், யாரும் லைக் போடாத ஒரு நீளமான கருத்து இருந்தது.

"நான் விமர்சனம் எழுத வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த ஆல்பத்தை நான்கு முறை கேட்டேன். இது குடியும் இல்லை, ஸ்டைலும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது, ஒன்பதாவது பாட்டுகள் முதலில் பதிவானவை என்று நினைக்கிறேன். அவற்றில் எழுத்துகள் சுத்தமாக இருக்கின்றன. எழுத்துகள் மழுங்கும் நான்காவதும் ஏழாவதும் கடைசியில் பதிவாகியிருக்க வேண்டும். இடையில் சில மாதங்கள் இருக்கலாம். நான் சொல்வது தவறாக இருந்தால் சந்தோஷப்படுவேன். அவருக்கு நெருக்கமானவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்."

பாட்டுகள் பதிவான வரிசை வெளியில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அவருக்கும் ஒலிப்பதிவாளருக்கும்தான் தெரியும். இரண்டும் ஒன்பதும் முதலில். நாலும் ஏழும் கடைசியில். நடுவில் ஏழு மாதம்.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே நிழற்குடையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பதிவான வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாட்டாகக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஊழியரின் பதிவைக் கேட்பதுபோலக் கேட்டாள். இரண்டாவது பாட்டுக்கு உச்சரிப்பில் பத்துக்குப் பத்து போடலாம். மூன்றாவதற்கு ஒன்பது. ஐந்தாவதற்கு எட்டு. ஏழாவதற்கு வந்தபோது அவளால் எண்ண முடியவில்லை. தினமும் இந்தக் குரலோடுதான் எழுந்தாள், சாப்பிட்டாள், சண்டை போட்டாள். ஊரான் வீட்டுக் குரலுக்கெல்லாம் மதிப்பெண் போட்ட காது, வீட்டுக்குள் நடந்ததைக் கேட்கவில்லை. யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், நான்கு தடவையில் கேட்டுவிட்டார்.

ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டாள். முதல் ஆல்பத்திலிருந்து கூட இருப்பவர்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. பதிவு பண்ணும்போது அவர் குரல்ல ஏதாவது தெரிஞ்சுதா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நானும் கவனிச்சேம்மா. பல்லு கில்லு கட்டியிருப்பாரோன்னு நெனச்சேன். ஒம்பது எடத்துல வேற வேற தடவை பாடின டேக்லேருந்து எழுத்து எழுத்தா வெட்டி ஒட்டித்தான் சரி பண்ணினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. அந்த மனுஷன் அப்படிச் சிரிச்சு எத்தன வருஷமாச்சு? வாய் வரலம்மா எனக்கு."

பெயிண்ட் கடைக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. அவருக்கு அது பிடிக்காது. அன்று போனாள். பின்கட்டில், டப்பாக்களை மாட்டிக் குலுக்கும் இயந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஏப்ரனோடு நின்றிருந்தவர் அவளைப் பார்த்ததும் வெளிறிப்போனார். இயந்திரத்தை நிறுத்தினார்.

"அவ்வளவு மோசமாவா எழுதியிருக்காங்க?"

"மோசமா எழுதல."

"பின்ன ஏன் நேர்ல வந்தே? ஆடு வீடியோ மாதிரி ஏதாவது போட்டுட்டாங்களா? சொல்லிடு. நான் தாங்கிக்குவேன். நெஜமா, இந்தத் தடவை தாங்கிக்குவேன்."

பேருந்தில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று நான்கைந்து விதமாக யோசித்திருந்தாள். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. கைபேசியை அவரிடம் நீட்டினாள். நிபந்தனையை அவளே மீறினாள்.

விரலில் நீலம் ஒட்டியிருந்ததால் முழங்கை மடிப்பில் கைபேசியை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மேலே போய் மறுபடி படித்தார். கடையின் முன்பக்கத்தில் யாரோ வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாலு தடவை கேட்டிருக்காங்க" என்றார்.

"ஏங்க."

"என் பாட்ட இவ்வளவு கவனமா யாருமே கேட்டதில்ல. தொடங்கின காலத்துலேருந்து, யாருமே."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஒரு டப்பாவின் மூடியை உள்ளங்கையால் தட்டி அழுத்தினார். ஏற்கெனவே அழுந்தி மூடியிருந்த மூடி.

"நாக்கு கொஞ்சம் தடிச்ச மாதிரி இருந்துச்சு. வயசுன்னு நெனச்சேன். பதினொரு வருஷம் பாடாம துருப்பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் எழுதும்போதே பார்த்து எழுத ஆரம்பிச்சேன். எந்தச் சொல்லு வாய்க்குள்ள வழுக்குதோ அதத் தூக்கிட்டு, வேற போட்டேன். சின்னச் சொல்லா. ரெண்டு எழுத்து, மூணு எழுத்து."

எளிமையாகிவிட்டது என்று அந்த விமர்சகர் எழுதியதும், இவர் ஜன்னல் பக்கம் திரும்பியதும் அவளுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. டப்பா அடுக்கின்மேல் கை ஊன்றிக்கொண்டாள்.

"தெருவிளக்குக்கு மட்டும் வேற சொல்லு கிடைக்கல" என்றார். "எவ்வளவோ தேடினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்னைப் பாட விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அடுத்த நிமிடமே கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போயிருப்பாள். ஏழு மாதம் முன்னாலேயே. அந்த ஏழு மாதத்தைக் கொடுத்துத்தான் இவர் இந்த ஆல்பத்தை வாங்கியிருக்கிறார் என்று நினைத்தபோது கோபத்தில் கண் நிறைந்தது. அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும்போலவும், அந்த ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்போலவும் இருந்தது.

"பயமா இருக்கா?" என்று அவர்தான் கேட்டார்.

"உங்களுக்கு?"

"கருத்துப் படிக்கத்தான் பயமா இருந்துச்சு. அதப் படிச்சாச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒருபக்கம் சற்றுத் தாமதமாக வந்ததா, அல்லது அவளே அப்படிப் பார்க்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

நரம்பியல் மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கிடைத்தது. அதற்குள் கருத்துகள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தன. அவள் திறக்கவில்லை. அந்தப் பேச்சுப் பயிற்சியாளருக்கு மட்டும் ஒரு வரி எழுதினாள்: "அழைத்துப் போகிறேன்." நன்றி என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினாள்.

மருத்துவர் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். எழுத்துகளை அவசரமில்லாமல் எழுதும் பெண். தந்தி என்ற பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கைகளை நீட்டச் சொன்னார். கன்னத்தை ஊதச் சொன்னார். நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, விளக்கடித்து, அவளுக்கு நெடுநேரம் என்று தோன்றிய அளவுக்குப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார்.

"பெயிண்ட் கடை" என்றார் அவர்.

"பாடுவார்" என்றாள் அவள்.

மருத்துவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். "சரிங்க சார், இப்ப நான் மூணு எழுத்து சொல்றேன். ப, த, க. இத ஒண்ணா சேர்த்து, முடிஞ்ச அளவு வேகமா, நிறுத்தாம சொல்லிட்டே இருங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும். மூச்ச நல்லா இழுத்துக்கங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடை ஏறும் முன் செய்வதுபோலத் தோளை ஒரு முறை தளர்த்தி, மூச்சை இழுத்தார்.

பதக பதக பதக பதக என்று ஆரம்பித்தார். முதலில் சீராக, மணிபோல உதிர்ந்தன. அவர் அறியாமலே வலது கை விரல்கள் முழங்காலில் தாளம் போடத் தொடங்கின. வேகம் ஏறியது. சுவரோரம் நின்றிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். எங்கோ ஓரிடத்தில் த கொஞ்சம் மழுங்கி க-வின்மேல் சாய்ந்தது, அவர் விடாமல் அதை இழுத்து நிறுத்திவிட்டு மேலே போனார், மறுபடி சாய்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் மட்டும் தாளம் தப்பவில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. காதை முழுதும் அவரிடம் கொடுத்துவிட்டு, காகிதத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில், எழுதவும் எழுதாமல் கீழே வைக்கவும் வைக்காமல் மருத்துவர் பிடித்திருந்த பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.